எந்த மாதம், எந்தக் கணவாய்?

என் தங்கை மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தவன் புதுசாகக் கியர் சைக்கிள் வாங்கியிருப்பதாகச் சொன்னான். ஈசிஆரில் மாமல்லபுரம் வரை இரண்டு தடவை போய் வந்திருக்கிறான். அந்தத் தைரியத்தில், "மாமா, மலை ஏறிக் கேரளாவுக்குள்ள இறங்கணும். வழியில பழைய கோயில் ஊரெல்லாம் பாக்கணும். மூணு நாள் லீவு போடுறேன். எந்த வழி நல்லது?" என்று கேட்டான்.

செங்கோட்டைக்காரனிடம் கேட்டால் புளியரை வழி என்று ஒரே பதிலாக வரும் என நினைத்திருப்பான். நான், "எந்த மாசம் வரப்போற?" என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

இந்தப் பக்கம் சைக்கிளில் வர நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று. பதினைந்து வருஷமாக இந்தக் கணவாய்களில் மிதித்த அனுபவத்தில் சொல்கிறேன், உயரம் பெரிய விஷயமே இல்லை. மூச்சு வாங்கினால் நின்று தண்ணீர் குடிக்கலாம், முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் வண்டி வரிசையை அப்படி நிறுத்தி வைக்க முடியாது.

இங்கே சிக்கலே காலண்டரில்தான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குற்றாலத்தில் சாரல் சுகமாக விழும், ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். மேல்காற்றும் கணவாய் வழியாக முகத்தில் அறையும். அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்கு மழை நம் பக்கச் சரிவை நனைத்து, அங்கங்கே மண்ணைச் சரிய வைக்கும். மார்ச்சுக்கு மேல் வெயில், காய்ந்த காடு, காட்டுத்தீ. போடிக்குப் பக்கத்திலுள்ள குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. கோடையில் காட்டுப் பகுதிகளுக்குள் எங்கே விடுவார்கள், எங்கே விடமாட்டார்கள் என்பது அன்றன்றைக்கு மாறும்.

மிச்சமிருப்பது டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. குளிர்ச்சி, பச்சை, தெளிந்த வானம். ஆனால் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் எல்லாரும் மலைக்குக் கிளம்புவதும் அப்போதுதான். நவம்பர் நடுவில் தொடங்கும் மண்டல காலம் டிசம்பர் கடைசியில் முடியும். உடனே மகரவிளக்குக் கூட்டம் ஜனவரி 14 வரை. தமிழ்நாட்டிலிருந்து மட்டுமல்ல, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவிலிருந்தும் வேன் வேனாக வருவார்கள். பல டிரைவர்கள் முந்தின இரவு தூங்காதவர்கள். சைக்கிளுக்கு ஏற்ற பருவமும் சபரிமலை சீசனும் ஒரே சாலையில் மோதிக்கொள்கின்றன. அதனால் எந்தக் கணவாய் என்ற கேள்விக்குப் பதில் தேதியைச் சொன்னபிறகுதான்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

செங்கோட்டை வழி: வீட்டு வாசல்தான், இருந்தாலும்...

மேற்குத் தொடர்ச்சி மலையில் தாழ்வான இடைவெளிகளில் ஒன்று எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இதுதான். ஏற்றம் என்று பயப்படப் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பையன் சாதா சைக்கிளிலேயே ஏறிவிடுவான்.

இதைச் சொன்னதும் மருமகன், "அப்ப இதுதான் ஈசி" என்றான். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தாழ்வான கணவாய் என்பதால் கேரளாவுக்குப் போகும் ஜல்லி, எம்சாண்ட், காய்கறி, வைக்கோல் எல்லாம் இந்த வழியாகத்தான் போகிறது. புளியரை எஸ் வளைவில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் சைக்கிளுக்கு மிஞ்சுவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் மண். அந்தச் சாண் மண்ணில் நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன். லாரி என்னைத் தொடக்கூட இல்லை. அது வந்த வேகத்துக்கு நானாகவே ஒதுங்கி, சரளையில் முன் சக்கரம் வழுக்கி, முழங்கையில் ஏழு தையல். அன்றிலிருந்து அந்த வளைவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மட்டும்தான் போகிறேன்.

அப்படியானால் இந்த வழியை ஏன் பட்டியலில் வைத்திருக்கிறேன்? அச்சன்கோவிலுக்காக.

செங்கோட்டையிலிருந்து பண்பொழி, வடகரை, மேக்கரை, அப்புறம் மலையேறிக் கோட்டைவாசல், அங்கிருந்து இறங்கினால் அச்சன்கோவில். மொத்தம் 30 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். பண்பொழியில் திருமலைக் குமாரசாமி கோயில் குன்றின்மேல் தெரியும். மேக்கரை வரை தென்னந்தோப்பும் வயலும் வாய்க்காலும்தான். அடவிநயினார் அணையைத் தாண்டியதும் சாலை நிமிர்கிறது. ஏற்றம் நன்றாகவே காலைப் பிடிக்கும், ஆனால் சீசன் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்கு விரல் விட்டு எண்ணுகிற வண்டிதான் வரும். மேலே கோட்டைவாசலில் கருப்பசாமி காவல் நிற்கிறார். அங்கே சைக்கிளைச் சாய்த்து நின்றால், வெயிலும் காய்ந்த காற்றும் முதுகுப் பக்கம் முடிந்து, ஈரமும் இருட்டுமாக வேறொரு காடு முகத்தின் முன்னால் தொடங்குவது தெரியும்.

அச்சன்கோவில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்து ஊர். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கடைகண்ணி என்றால் செங்கோட்டை பக்கம். கேரளத்துக்குள்ளிருந்து வருகிற அலிமுக்கு வழி காட்டுக்குள் நீண்டு கிடக்கிறது, யானை நடமாட்டமும் அதிகம். சைக்கிளில் அந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கோயிலில் சாஸ்தா பூரணை புஷ்கலையோடு இல்லறத்தானாக இருக்கிறார். பாம்புக்கடிக்கு இங்கே தரும் சந்தனத்தையும் தீர்த்தத்தையும் மருந்தாக நம்புகிறார்கள். நம்பிக்கை இருக்கட்டும், கடி பட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தக் கோயிலின் நகைகள் இருப்பது புனலூரில். மார்கழித் திருவிழாவுக்கு அந்தத் திருஆபரணப் பெட்டி புறப்பட்டு ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி என்று தமிழ்நாட்டுக்குள் வந்து, வழியெல்லாம் பூவும் தேங்காயும் வாங்கிக்கொண்டு, திரும்பவும் மலையேறி அச்சன்கோவிலுக்குப் போகிறது. கேரளத்துச் சாமி நகை கேரளத்துக்குப் போக நம் ஊரைச் சுற்றுகிறது. நான் சொல்லும் சைக்கிள் வழியும் அதேதான், தலைகீழாக. முதல் நாள் அச்சன்கோவில் ஏறி அங்கேயே தங்குவது. மறுநாள் காலை திரும்பிச் செங்கோட்டை, மத்தியானத்துக்கு மேல் குற்றாலம். மூன்றாம் நாள் விடியலில் புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர்.

மூன்றாம் நாளில் நிறைய இருக்கிறது. ஆரியங்காவுக் கோயில் சாலை மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருப்பதால் வேகமாக இறங்குகிறவர்கள் தவறவிட்டுவிடுவார்கள். மதுரைச் சௌராஷ்டிரர்கள் ஒவ்வொரு வருஷமும் பெண் வீட்டாராக வந்து ஐயனுக்குத் திருக்கல்யாணம் நடத்தும் கோயில் அது. சம்பந்தி முறை கொண்டாடிச் சீரோடு வருவார்கள். இன்னும் இறங்கினால் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலம், சாலையிலிருந்தே தெரியும். 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் பாதை, 2010இல் அகலப்பாதைக்காக மூடி, 2018இல்தான் திரும்ப முழுசாகத் திறந்தார்கள். தென்மலையிலிருந்து தெற்கே பத்துக் கிலோமீட்டர் திரும்பினால் குளத்துப்புழை, அங்கே ஆற்று மீனுக்குப் பொரி போடுவதே வழிபாடு. புனலூரில் 1877இல் கட்டிய தொங்குபாலத்தில் இப்போது நடக்க மட்டும்தான் விடுகிறார்கள். சைக்கிளை இந்தக் கரையில் பூட்டிவிட்டு நடந்து போய் வரலாம்.

இங்கே எனக்கு ஒரு எண்ணம் உண்டு. சாஸ்தா கோயில்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் அச்சன்கோவில், ஆரியங்காவு, குளத்துப்புழை மூன்றும் மலையைக் கடக்கிற பாதைகளை ஒட்டியே இருக்கின்றன. நம் ஊர் எல்லையில் ஐயனார் குதிரையோடு நிற்பதுபோல. சுமைமாடு ஓட்டிக்கொண்டு காட்டைத் தாண்டியவர்களுக்குத் தங்கவும் கும்பிடவும் ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும். சைக்கிளில் வருகிறவனுக்கும் தேவை அதேதான். அதனால்தானோ என்னவோ, இந்த ஊர்களில் டீக்கடையும் தண்ணீரும் நிழலும் சரியாகக் கால் கெஞ்சுகிற இடத்தில் வந்துவிடுகின்றன.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது, அதனால் எல்லை அங்கே இருந்தது. பிறகு எல்லை மேற்கே மலைக்கு நகர்ந்துவிட்டது, பார்டர் என்ற பேரும் பரோட்டாவும் நகரவில்லை. மிதித்துவிட்டு வருகிறவன் அங்கே எட்டு பரோட்டா தின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

குமுளி வழி: உண்மையான யாத்திரைச் சாலை

கோயில்தான் முக்கியம், தூரம் பரவாயில்லை என்கிறவர்களுக்கு இந்த வழி. தேனியில் தொடங்கினால் லோயர்கேம்ப் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சமவெளி. வீரபாண்டி கௌமாரியம்மன், பக்கத்தில் விலகினால் குச்சனூர் சனீஸ்வரன், உத்தமபாளையம் காளாத்தீஸ்வரர், கம்பத்திலிருந்து சுருளித் தீர்த்தம் என்று முல்லையாற்றுத் தண்ணீர் பாயும் ஊர்களில் கோயில் கோயிலாக வரும். இரண்டு பக்கமும் நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். இந்தப் பள்ளத்தாக்கில் காலையில் மிதிப்பது ஒரு சுகம்.

லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஆறேழு கிலோமீட்டரில் நானூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். குட்டையான, ஆனால் வெடுக்கென்ற ஏற்றம். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மின்நிலையத்துக்குப் பெரிய இரும்புக் குழாய்களில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நாம் எதிர்த்திசையில் ஏறுவோம். கீழே, அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இருக்கிறது, 2013இல் திறந்தது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள். தைப்பொங்கலை ஒட்டி வருவதால் அன்று அந்தப் பக்கத்து விவசாயிகள் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறார்கள்.

குமுளிக்கு மேலே மலை முகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில். சித்திரா பௌர்ணமி ஒரு நாள்தான் திறப்பு, அதுவும் குமுளியிலிருந்து ஜீப்பில் அல்லது பளியன்குடியிலிருந்து நடந்து. சைக்கிளுக்கு அங்கே வேலை இல்லை. அதை மனதில் வைத்து இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம் வரை தேயிலை. வண்டிப்பெரியாறில் இறங்கிப் பாருங்கள், பெட்டிக்கடைப் பேச்சிலிருந்து கோயில் ஸ்பீக்கர் வரை தமிழ்தான். தோட்டத்துக்கு வேலைக்கு வந்து நாலைந்து தலைமுறையாகிவிட்டவர்கள். அங்கே ஒரு டீக்கடை அம்மா என் கால் சட்டையையும் ஹெல்மெட்டையும் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, பஸ்ஸுக்குக் காசில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். டீக்குக் காசு வாங்கவில்லை.

குட்டிக்கானத்துக்கு மேல் இறக்கம். ஆயிரம் மீட்டர் உயரத்தை இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் கரைத்து முண்டக்கயத்தில் கொண்டுவிடும். ஏறினதைவிட இந்த இறக்கம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ரிம் பிரேக் சைக்கிளில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் ரிம் சூடாகி, வளஞ்சாங்கானம் அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் டியூப் பட்டென்று போனது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி ரிம்மை ஆறவிட்டிருக்க வேண்டும். இப்போது டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிட்டேன், இருந்தாலும் நிறுத்துகிறேன்.

முண்டக்கயத்திலிருந்து எருமேலி. ஐயப்பன் கோயிலும் எதிரே வாவர் பள்ளிவாசலும், பேட்டை துள்ளிவரும் சாமிமார் பள்ளிவாசலைச் சுற்றிவிட்டுப் போவதும் எல்லாரும் கேள்விப்பட்டதுதான். சீசன் இல்லாத நாளில் போனால் அதே தெரு வேறு மாதிரி இருக்கும். ரப்பர் ஷீட் காயவைத்திருப்பார்கள், வண்ணப்பொடிக் கடைகள் பாதி மூடியிருக்கும். அங்கிருந்து கோட்டயம் ஒரு பகல் தூரம், ரயில் பிடித்துவிடலாம்.

ஆனால் கார்த்திகை, மார்கழியில் இந்த வழிக்குக் கையெடுத்துக் கும்பிடு. கூட்ட நாட்களில் சபரிமலை வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, குமுளி வழியாக இறக்குவார்கள். குமுளி மலையில் சைக்கிளில் ஏறினால் இறங்கி வரும் வேன் வெள்ளத்துக்கு எதிர்நீச்சல். கம்பம்மெட்டில் ஏறினால் முதுகுக்குப் பின்னால் வேன் வெள்ளம். இரண்டில் எது மேல் என்று கேட்காதீர்கள், இரண்டையும் பார்த்துவிட்டேன். ஜனவரி கடைசிக்கு மேல் என்றால் கதை வேறு. அப்போது கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏறிக் கட்டப்பனை, ஏலப்பாறை, குட்டிக்கானம் என்று ஏலக்காய்க் காட்டுக்குள் போவதையே நான் சிபாரிசு செய்வேன். தூரம் கூடும், நெரிசல் குறையும்.

போடிமெட்டு வழி: காலுக்கு வேலை, கோயில் கடைசியில்

மூன்றாவது வழி உயரம் தேடுகிறவர்களுக்கு. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல், அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு, மேலே போடிமெட்டு. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஆனால் சாலையைச் சீராக அறுத்திருக்கிறார்கள், குமுளி மாதிரி திடீரென்று செங்குத்தாக நிமிராது. ஒரே கியரில் ஒரே வேகத்தில், வளைவு எண்ணைப் படித்துக்கொண்டே ஏறலாம். புலியூத்து அருவியில் தண்ணீர் இருந்தால் முகம் கழுவிக்கொள்ளலாம். ஏழெட்டு வளைவு ஏறித் திரும்பிப் பார்த்தால் போடி ஊர் முழுசும் கீழே தட்டில் வைத்ததுபோல் தெரியும்.

மேலே ஏலக்காய் வாசம். பூப்பாறை, ஆனயிறங்கல் அணை, தேவிகுளம் கேப் ரோடு, மூணாறு. கேப் ரோட்டில் 2019, 2020 வாக்கில் பெரிய மண்சரிவுகள் வந்தன, மழை நாளில் அதை விட்டுவிடுங்கள். சின்னக்கானல் பக்கம் யானைகள் சாலையோரம் நிற்பது சகஜம். 2023 ஏப்ரலில் அங்கே பிடித்த அரிக்கொம்பன் என்ற யானையைப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மேகமலை வழியாக மே கடைசியில் கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. ஜூனில் திரும்பப் பிடித்துக் கோதையாறு காட்டில் விட்டார்கள். நான் இந்தக் கட்டுரையில் எழுதுகிற மலையில் பாதியை அது ஒரே கோடையில் பார்த்துவிட்டது, கொஞ்சம் லாரியில்தான் என்றாலும்.

மூணாறைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் சைக்கிளோடு மாட்டிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான். மூணாறுக்கு வடக்கேதான் இந்த வழி அழகாகிறது. 2,695 மீட்டர் ஆனமுடியை ஒரு பக்கம் விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டர் இறங்கினால் மறையூர். சந்தனக்காடு, கரும்பு, வெல்லம் காய்ச்சும் கொட்டகை. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டகையில் நின்றால் சூடாக ஓர் உருண்டை கையில் வைப்பார்கள், எந்த எனர்ஜி பாரும் அதற்கு ஈடில்லை. பாறைமேல் முனியறை என்று சொல்லும் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. பக்கத்தில் கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் ஒரு சிவன் கோயில். சாமி பெயர் தென்காசிநாதன்! எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேரை அவ்வளவு தள்ளி அங்கே பார்த்தபோது சொந்தக்காரரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுபோல் இருந்தது.

மறையூருக்குக் கீழே சின்னார் சரணாலயம். மழை மறைவுப் பிரதேசம், முள்ளும் கள்ளியுமான காய்ந்த காடு, யானையும் காட்டெருமையும் உண்டு. பொழுது சாய்ந்தபின் விடமாட்டார்கள். சைக்கிள் என்றால் செக்போஸ்ட்டில் இன்னும் முன்கூட்டியே தடுத்துவிடலாம். நடுப்பகலுக்குள் தாண்டுகிற மாதிரி மறையூரில் தங்கிவிட்டுக் கிளம்புவதுதான் புத்தி. நுழையும் முன்பு காவலரிடம், "இன்னைக்கு யானை எங்கே?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அவர்களுக்குத் தெரியும்.

கீழே இறங்கினால் அமராவதி அணை, விலகினால் திருமூர்த்தி மலை அமணலிங்கேஸ்வரர், அப்புறம் உடுமலை. அங்கிருந்து ஒரு காலை நேர மிதியில் பழனி. தைப்பூசத்தை ஒட்டி வந்தீர்களானால் காவடியோடு நடக்கும் கூட்டம் சாலையோரம் போய்க்கொண்டே இருக்கும், கேரளத்துப் பக்தர்களும் அதில் நிறையவே உண்டு. வேனில் பறக்கிற கூட்டம்போல நடக்கிற கூட்டம் சைக்கிளுக்குத் தொல்லை தராது. அன்னதானப் பந்தலில் உங்களையும் உட்கார வைத்து இலை போடுவார்கள்.

பாலக்காடு வேண்டாமா என்று கேட்பீர்கள். அது கணவாய் என்ற பெயரில் இருக்கும் சமவெளி. கல்பாத்தி அக்ரகாரமும் விஸ்வநாதசாமி கோயிலும் ஐப்பசித் தேரும் பார்க்க வேண்டியவைதான், 'காசியில் பாதி கல்பாத்தி' என்று சும்மா சொல்லவில்லை. கோவைக்காரர்கள் ஒரே நாளில் போய் வரலாம். மலை ஏறணும் என்று கேட்டவனுக்கு அதைச் சொன்னால் என்னை அடிக்க வருவான்.

மூன்றுக்கும் பொதுவான சில விஷயங்கள்

சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே பல் எண்ணிக்கையில் இருக்கட்டும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் பையோடு குமுளியை உட்கார்ந்தபடியே ஏறலாம். முன்னால் 50 மட்டும் உள்ள ரோடு சைக்கிளோடு வந்து, கம்பம்மெட்டில் பாதி தூரம் தள்ளிக்கொண்டு போன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மாற்று டியூப் இரண்டு, பிரேக் பேட் ஒரு ஜோடி. எல்லையைத் தாண்டியதும் கியர் சைக்கிள் உதிரிபாகம் சின்ன ஊர்களில் கிடைக்காது. சாதா பஞ்சர் ஒட்ட எங்கும் ஆள் உண்டு.

ரயில் வசதியில் செங்கோட்டையும் போடியும் முன்னால் நிற்கின்றன. சென்னையிலிருந்து செங்கோட்டைக்குப் பொதிகை தினமும் வருகிறது. போடிப் பாதையும் 2010 கடைசியில் மூடியதுதான், 2023 ஜூனில் ரயில் திரும்ப வந்தது, சென்னையிலிருந்து வாரத்தில் சில நாள் நேராகவே வரலாம். குமுளி வழிக்கும் தேனியில் இறங்கிக்கொள்ளலாம். சைக்கிளைப் பார்சலில் போடும்போது பின் சக்கரக் கியர் தொங்கும் பக்கத்தை அட்டை வைத்துக் கட்டுங்கள். ஒருமுறை கட்டாமல் விட்டதில் என் சைக்கிளில் கியரைத் தாங்கும் கொக்கி வளைந்து, மூன்று நாளும் நாலு கியரோடு ஓட்டினேன்.

தங்குவதற்கு மூணாறிலும் குமுளியிலும் எந்த விலைக்கும் அறை உண்டு. அச்சன்கோவிலில் அப்படி இல்லை. கோயிலை ஒட்டிய சாதாரண அறைகள்தான், கடையும் சீக்கிரம் அடைத்துவிடும். முன்கூட்டியே பேசிவைக்காமல் சாயங்காலம் போய் இறங்க வேண்டாம். இருட்டியபின் திரும்ப மலையேறுவது நடக்காத காரியம்.

ஆக, என் தீர்ப்பு. டிசம்பரில்தான் லீவு என்றால் போடிமெட்டு, ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமே முடித்துவிட வேண்டும். ஐயப்பன் வண்டிகள் அங்கேயும் வரும், குமுளியோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். அதற்கு முன்னால் நாமக்கல் பக்கம் கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ ஒரு நாள் ஏறிப் பழகியிருக்க வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய என்றால், நாலைந்து நாள் கையில் இருப்பவர்கள் கம்பம்மெட்டு ஏறி எருமேலி இறங்கலாம். மூன்றே நாள், முதல் பயணம், கோயிலும் காடும் ஒன்றாக வேண்டும் என்றால் அச்சன்கோவில். மூன்று வழியில் படத்துக்கு அழகு குறைவு இதற்குத்தான். போடிமெட்டு வளைவுகளை மேலிருந்து எடுத்த மாதிரி ஒரு படம் இங்கே எடுக்க முடியாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, மருமகனுக்குத் தெரிந்தது.

"போட்டோ எடுக்க ஒண்ணும் இல்லையா மாமா?" என்றான். கோட்டைவாசல் கருப்பனைச் சொன்னேன். அங்கே யானை வருமா என்று அடுத்த கேள்வி. வரும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

போன வாரம் பிப்ரவரி இரண்டாம் வெள்ளிக்குப் பொதிகையில் டிக்கெட் எடுத்துவிட்டதாக மெசேஜ் அனுப்பினான். சனிக்கிழமை காலை அவன் இறங்கியதும் எங்கள் வீட்டில் இட்லி, அப்புறம் பண்பொழி, மேக்கரை என்பதுதான் முதல் திட்டம். புளியரை ஞாயிறு விடியலில் என்றால் அவன் திட்டத்தில் ஒரு நாள் இடிக்கிறது. அதனால் குற்றாலத்தை வெட்டிவிட்டு, சனி ராத்திரி அச்சன்கோவிலுக்குப் பதில் எங்கள் வீட்டிலேயே தூங்கச் சொன்னேன். ஞாயிறு புளியரையும் புனலூரும், அன்று மாலை ரயிலில் திரும்பி வந்து திங்கள் அச்சன்கோவில். ரயிலில் சைக்கிளை ஏற்ற முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறான். புனலூரில் வாடகைக்கு மினிலாரி பேசிக்கொள்ளலாம், கூட நானும் வருகிறேன்.